வரைஞ்சது நாம, படம் யாரோடது? காப்பிரைட் சட்டம் மாறப்போற நேரத்துல கடலூர், பாண்டி ஆர்ட்டிஸ்ட்டுங்க பேச வேண்டியது

திருக்கனூர்லேர்ந்து தம்பி ஒருத்தர் கேட்டது: "அண்ணே, ஏஐ கம்பெனிங்க நம்ம படத்தை எடுத்தா காசு குடுத்தே ஆகணும்னு டெல்லியில சட்டம் கொண்டு வர்றாங்களாம். இனிமே வரைஞ்சு பொழைக்கிறவங்களுக்கு நல்ல காலம்தானே? இங்க எல்லாரும் சந்தோஷமா பேசிக்கிறாங்க. நீங்க மட்டும் ஏன் உம்முனு இருக்கீங்க?"

11 டிசம்பர் 2025, ராத்திரி

தம்பி, சட்டம் இன்னும் வரல, அதை முதல்ல சொல்லிடுறேன். டிபிஐஐடின்னு மத்திய அரசுல ஒரு துறை, காப்பிரைட் அவங்க கையிலதான் இருக்கு. ஏப்ரல்ல ஒரு கமிட்டி போட்டாங்க, அந்தக் கமிட்டி எழுதின அறிக்கையோட முதல் பாகம் டிசம்பர் 8ஆம் தேதி வெளிய வந்திருக்கு, 30 நாளைக்குள்ள கருத்து சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க. அவ்வளவுதான் நடந்திருக்கு.

அதுல என்ன சொல்றாங்கன்னா, சட்டப்படி கையில கிடைச்ச படம், எழுத்து, பாட்டு எதுவா இருந்தாலும் ஏஐ பழக்குறதுக்கு எடுத்துக்கலாம், ஒவ்வொருத்தரையா தேடிப் போயி கேக்க வேணாம், ஆனா அந்த ஏஐயை வெச்சு வர்ற வருமானத்துல ஒரு பங்கை ராயல்டியா ஒரே இடத்துல கட்டணும், அங்கேர்ந்து எல்லாருக்கும் பிரிச்சுக் குடுப்பாங்க. ரேட்டு எவ்வளவுன்னு அரசு போடுற குழு முடிவு பண்ணும். "என் படத்தை எடுக்காதே"ன்னு சொல்ற உரிமை வரைஞ்சவனுக்குக் கிடையாது. கமிட்டியிலயே இருந்த நாஸ்காம், அதாவது சாஃப்ட்வேர் கம்பெனிங்களோட சங்கம், இதை ஒத்துக்கல. ராயல்டின்னு ஒண்ணு வேணாம், இஷ்டமில்லாதவங்க விலகிக்கிற மாதிரி வைங்கன்னு அவங்க கேக்குறாங்க.

காசு வருதே, நல்லதுதானேன்னு எனக்கும் முதல் நாள் தோணுச்சி. ரெண்டாவது வாட்டி படிக்கும்போதுதான் வயித்துல ஒரு மாதிரி ஆச்சு. ராயல்டி போறது உரிமை யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு. நீ வரைஞ்சதுல எத்தனை படத்தோட உரிமை உன் பேர்ல இருக்கு? நான் என் 19 வருஷ வேலையை எண்ணிப் பாத்துட்டு இருக்கேன். நாளைக்கு எழுதுறேன்.

12 டிசம்பர்

எண்ணிட்டேன். சுவர் வேலை மட்டும் 40க்கு மேல. அதுல எனக்குச் சொந்தம்னு சட்டம் ஒத்துக்கக் கூடியது மூணு. அந்த மூணும் காசு வாங்காம வரைஞ்சது, ரெண்டு கோயிலு, ஒண்ணு எங்க தெரு பால்வாடி.

காரணம் 1957ஆம் வருஷத்து காப்பிரைட் சட்டத்துல 17ஆவது பிரிவு. வரைஞ்சவர்தான் முதல் சொந்தக்காரர்னு ஆரம்பிக்கும். அடுத்த வரியிலயே, ஒருத்தர் கேட்டு, காசு குடுத்து, போட்டோ எடுக்க வெச்சாலோ பெயின்டிங்கோ உருவப்படமோ வரைய வெச்சாலோ, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல காசு குடுத்தவர்தான் முதல் சொந்தக்காரர்னு திருப்பிடும். ஒப்பந்தம் யார் போடுறோம்? அட்வான்ஸ் வாங்கும்போது நாம கேக்குறது ரெண்டே கேள்வி, சாரம் யார் கட்டித் தர்றது, பெயின்ட் யார் வாங்குறது.

12 டிசம்பர், மறுபடியும்

மேல எழுதினதை வெறும் சட்டமா விட்டுட்டா புரியாது. எனக்கு நடந்ததைச் சொல்றேன்.

பாண்டியில வெள்ளைக்காரத் தெருவுங்க பக்கம் ஒரு காபி கடை, பேரு வேணாம். சுவர் 14 அடிக்கு 9 அடி. வலை இழுக்குற ஆளுங்க அஞ்சு பேரு, பின்னாடி பழைய துறைமுகப் பாலத்துக் கம்பங்க. ஒன்பது நாள் வேலை, 22 ஆயிரம். அந்தச் சுவர்ல நடுவுல ஒரு பிவிசி பைப்பு மேலேர்ந்து கீழ வரைக்கும் இறங்கும், எடுக்க முடியாதுன்னுட்டாங்க. நான் அந்தப் பைப்பையே மூணாவது ஆளு பிடிச்சிருக்கிற கழியா மாத்திட்டேன், பைப்பு மேலயே கலர் அடிச்சு, கணுக்கணுவா மூங்கில் மாதிரி. பைப்பு கிளாம்பு ரெண்டும் கயித்துக் கட்டு.

ஒன்றரை வருஷம் கழிச்சு ஞாயித்துக்கிழமை காந்தி வீதி சந்தையில ஒரு பொண்ணு தோள்ல துணிப் பை, அதுல என் அஞ்சு மீனவருங்க. கிட்டப் போயி பாத்தேன். கிளாம்போட ஸ்க்ரூ தலை கூட அச்சாகியிருக்கு. பைப்போட நிழல் சுவர்ல விழுந்தது, அதுவும் இருக்கு. சுவரை போட்டோ எடுத்து அப்படியே பையில போட்டிருக்காங்க. வலது கீழ் மூலையில இருந்த என் கையெழுத்தை மட்டும் காணோம், அதுக்கு ஒரு விரக்கடை மேலேயே வெட்டிட்டாங்க. பை 350 ரூபா.

கடைக்குப் போயி கேட்டேன். முதலாளி மரியாதையாத்தான் பேசினார். "காசு குடுத்துட்டோமே சார், எங்க சுவரு"ன்னார். சண்டை போட்டுட்டு வந்தேன், மறுநாள் வக்கீலா இருக்கிற சிநேகிதர்கிட்ட போனா அவர் 17ஐ எடுத்து வாசிச்சுக் காட்டுறார். முதலாளி சொன்னது சட்டப்படி பெரும்பாலும் சரி. அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல.

14 டிசம்பர்

திருத்தம் ஒண்ணு. "எல்லாமே காசு குடுத்தவங்களுக்கு"ன்னு நான் சொன்ன தோரணை தப்பு. புத்தகத்துக்குக் கோட்டுப் படம் போடுற ஒரு தங்கச்சி கேட்டாங்க, "அண்ணா, பெயின்டிங், உருவப்படம்னுதான போட்டிருக்கு, நான் போடுறது டிராயிங் ஆச்சே?" நல்ல கேள்வி. சட்டத்துல 2ஆவது பிரிவுல கலைப்படைப்புன்னா என்னன்னு சொல்லும்போது பெயின்டிங் வேற, டிராயிங் வேறன்னு தனித்தனியாத்தான் எழுதியிருக்காங்க. 17(பி)யில, அதாவது காசு குடுத்தவருக்குத் திருப்பி விடுற அந்த வரியில, டிராயிங் இல்ல. வக்கீல் சிநேகிதர்கிட்ட கேட்டேன், "வாதாட நல்ல இடம் இருக்கு, பென்சில், பேனா வேலைக்கு நீங்கதான் முதல் சொந்தக்காரர்னு நிக்கலாம்"னார். மாச சம்பளத்துல இருந்துக்கிட்டு வரையுறவங்களுக்கு இது பொருந்தாது, அங்க முதலாளிக்குத்தான் போகும்.

இது தெரிஞ்ச உடனே பரண்ல இருந்த தகரப் பெட்டியை இறக்கி பழைய வவுச்சருங்களை எடுத்தேன். 2017ல ஒரு பதிப்பகத்துக்கு, பேரு வேணாம், சின்னப் பசங்க புத்தகம் ரெண்டுக்கு 31 கோட்டுப் படம் போட்டேன். ஒரு படத்துக்கு 400 ரூபா. வவுச்சர்ல ரப்பர் ஸ்டாம்ப்புல "அனைத்து உரிமைகளையும் வழங்குகிறேன்", கீழ என் கையெழுத்து. எத்தனை வருஷத்துக்குன்னு எழுதல. எந்த நாட்டுக்குன்னும் எழுதல.

இப்ப 19ஆவது பிரிவைப் பாருங்க. உரிமையை எழுதிக் குடுக்கும்போது காலம் சொல்லலன்னா அஞ்சு வருஷம்னு எடுத்துக்கணும். இடம் சொல்லலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். வாங்கினவர் ஒரு வருஷத்துக்குள்ள பயன்படுத்தலன்னா, பத்திரத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும், அதுவும் போச்சு. அப்படின்னா 2022லயே அந்த 31 படமும் என்கிட்ட திரும்பி வந்துடுச்சி, எனக்குத்தான் தெரியல. புத்தகம் 2024ல மறுபதிப்பு வந்திருக்கு.

பதிப்பகத்துக்கு ஒரு லெட்டர் எழுதினேன், கோவமில்லாம, பிரிவு நம்பர் மட்டும் போட்டு.  அப்புறம் போன் வந்துச்சி, மறுபதிப்புக்குன்னு 4,000 ரூபா அனுப்பினாங்க, இனிமே ஒவ்வொரு பதிப்புக்கும் பேசிக்கலாம்னாங்க. இது போன வருஷம் நடந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும், நான் கேக்கல, அவங்க குடுக்கல.

14 டிசம்பர், சாயங்காலம்

"வவுச்சர்ல வாழ்நாள் முழுக்கன்னு எழுதியிருந்தா?"ன்னு மூணு பேர் கேட்டுட்டாங்க. எழுதியிருந்தா எழுதினதுதான். அஞ்சு வருஷக் கணக்கு எழுதாம விட்டதுக்கு மட்டும்தான்.

17 டிசம்பர்

கடலூர் ஓல்டு டவுன் அண்ணன் ஒருத்தர், போர்டு எழுதுறவர், எங்க அப்பாவோட வேலை பாத்தவர், சொல்றார்: "தெருவுல இருக்கிறது ஊருக்கே சொந்தம்டா, யார் வேணா போட்டோ எடுக்கலாம், விக்கலாம், சட்டமே அப்படித்தான் சொல்லுது." நானும் ஆமான்னேன். ரொம்ப நாளா நான் நம்பினதும் அதுதான்.

18 டிசம்பர்

ஆமான்னது தப்பு அண்ணே. 52ஆவது பிரிவை உக்காந்து வரி வரியா படிச்சேன். கட்டடத்தை வரையலாம், போட்டோ எடுத்து வெளியிடலாம், அது குத்தமில்ல. பொது இடத்துல நிரந்தரமா இருக்கிற சிலையை, கைவினைப் பொருளை வரையலாம், போட்டோ எடுக்கலாம். பீச்சுல காந்தி சிலையை நீங்க வரைஞ்சு வித்தா யாரும் கேக்க முடியாது. ஆனா அந்த வரியில பெயின்டிங் இல்ல! சினிமாவுக்கு மட்டும் தனியா ஒரு வரி, பொது இடத்துல நிரந்தரமா இருக்கிற எந்தக் கலைப்படைப்பும் படத்துல வரலாம்னு. அப்ப தெருச்சுவர் ஓவியம் ஷூட்டிங்ல வந்தா கேக்க முடியாது. அதே சுவரை போட்டோ எடுத்து டீஷர்ட்டுல போட்டு வித்தா, உரிமை யார்கிட்ட இருக்கோ அவர் கேக்கலாம்.

அவர் கேக்கலாம். நான் கேக்க முடியாது, ஏன்னா 17. பாருங்க, எந்தப் பக்கம் போனாலும் அந்த ஒரு வரியில வந்துதான் முட்டுது.

20 டிசம்பர்

கையெழுத்தை வெட்டினாங்கன்னு சொன்னேன்ல, அதுக்கு மட்டும் சட்டம் என் பக்கம் நிக்குது. 57ஆவது பிரிவு. உரிமையை முழுசா வித்துட்டாலும், இது நான் பண்ணதுன்னு சொல்லிக்கிற உரிமையும், என் பேருக்குக் கெடுதல் வர்ற மாதிரி சிதைச்சா தட்டிக் கேக்குற உரிமையும் வரைஞ்சவன்கிட்டயே இருக்கும்.

இதுக்கு ஒரு பெரிய கேஸ் இருக்கு. அமர்நாத் சேகல்னு சிற்பி, டெல்லி விஞ்ஞான் பவனுக்காக 1957ல அரசு கேட்டு ஒரு வெண்கலச் சுவர்ச்சிற்பம் பண்ணார், 140 அடி நீளம், 40 அடி உயரம். 1979ல அதைக் கழட்டி குடோன்ல போட்டுட்டாங்க, அவரை ஒரு வார்த்தை கேக்கல, பாகமெல்லாம் உடைஞ்சு போச்சு. 1992ல கேஸ் போட்டார். 2005ல டெல்லி ஹைகோர்ட் தீர்ப்பு: மிச்சம் இருக்கிறதை அவர்கிட்டயே குடு, அஞ்சு லட்சம் நஷ்டஈடு குடு. காசு வாங்கிப் பண்ணது, சொந்தக்காரர் இந்திய அரசு, அப்படி இருந்தும் ஜெயிச்சார். 13 வருஷம் ஆச்சு, அதையும் சொல்லணும்.

நான் அந்தக் காபி கடைக்கு இதை எழுதி அனுப்பினேன். காசு கேக்கல, பேரு மட்டும் கேட்டேன். பதில் வரல. ஆனா அடுத்து வந்த லாட்டுல கையெழுத்து இருந்துச்சி. நான் போயி ஒரு பை காசு குடுத்து வாங்கிட்டு வந்தேன், அம்மா கறிகாய்க்கு எடுத்துட்டுப் போறாங்க.

21 டிசம்பர்

"அப்ப என் ஓவியத்துமேல சுண்ணாம்பு அடிச்சதுக்கும் கேஸ் போடலாமா?" போடலாம், ஆனா நம்பி இருக்காதீங்க. டெல்லியில ஹால் ஆஃப் நேஷன்ஸ் கட்டடத்தை இடிச்சப்ப அதோட ஆர்க்கிடெக்ட் ராஜ் ரேவால் இதே 57ஐ வெச்சு கேஸ் போட்டார், 2019ல கோர்ட் ஒத்துக்கல. முழுசா இல்லாமப் போனா பேருக்குக் கெடுதல் வர்றதைப் பாக்க முடியாது, நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு இடிக்கிற உரிமை உண்டுன்னு தீர்ப்பு. அரைகுறையா சிதைச்சாதான் கேள்வி. எனக்கு இந்தத் தீர்ப்பு மனசுக்கு ஒப்பல. ஒரு ஓவியத்தோட முகத்தை மட்டும் அழிச்சா தப்பு, மொத்தத்தையும் அழிச்சா சரின்னா வரைஞ்சவன் எங்க போயி சொல்வான்.

24 டிசம்பர்

கொஞ்சம் விலகிப் போறேன். போன வருஷம் நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்துச்சி, பாண்டியில ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் மழை. அதுக்குப் பின்னாடி சாத்தனூர் அணையிலேர்ந்து திறந்த தண்ணி தென்பெண்ணை ஆத்துல வந்து எங்க பக்கம் புகுந்துச்சி. நாங்க பசங்களைத் தூக்கினோம், அரிசி மூட்டையைத் தூக்கினோம், கேஸ் சிலிண்டரைத் தூக்கினோம். படங்க கட்டிலுக்கு அடியில இருந்துச்சி. தண்ணி வடிஞ்சப்புறம் இழுத்தா ஒட்டிக்கிட்டு ஒரே கட்டையா வருது. ஒவ்வொரு தாளா பிரிச்சு கொல்லையில துணி காயப்போடுற கயித்துல கிளிப் மாட்டினோம். வாட்டர்கலர் எல்லாம் சேத்துல கலந்து ஒரே நிறமா ஆயிடுச்சி, இந்தியன் இங்க்குல போட்டது மட்டும் கோடு கோடா நின்னுச்சி. என் பொண்ணு ஒரு தாளைக் காட்டி "அப்பா, இந்த ஆடு பொழைச்சுக்கிச்சு"ன்னா.

எதுக்குச் சொல்றேன்னா, அந்த 31 கோட்டுப் படத்தோட ஒரிஜினலும் அதுலதான் போச்சு. ஒரிஜினல் போனாலும் உரிமை போகாது, தாளு வேற, உரிமை வேற. ஸ்கேன் பண்ணி வெச்சிருந்தேன். எல்லாரும் தயவுசெஞ்சு பண்ணி வைங்க, தேதி தெரியுற மாதிரி. பதிவு பண்றது கட்டாயம் கிடையாது, வரைஞ்ச நிமிஷமே உரிமை வந்துடும், ஆனா பதிவு பண்ணிட்டா கோர்ட்டுல கை நீட்டிக் காட்ட ஒண்ணு இருக்கும். ஒரு படத்துக்கு 500 ரூபா, லோகோ மாதிரி சரக்குல ஒட்டுறதுன்னா 2,000.

ஒரிஜினல் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடுறேன். 53ஏன்னு ஒரு பிரிவு 1994லேர்ந்து இருக்கு. நீங்க வித்த ஒரிஜினலை வாங்கினவர் அப்புறம் பத்தாயிரத்துக்கு மேல வித்தா உங்களுக்கு ஒரு பங்கு, பத்து சதவீதம் வரைக்கும். எத்தனை பேருக்கு இது வந்திருக்கு? நான் கேட்ட சீனியருங்க ஒருத்தர்கூட கை தூக்கல. யார் யாருக்கு வித்தாங்கன்னு வரைஞ்சவனுக்கு எப்படித் தெரியும். வசூல் பண்ண ஆள் இல்லாத உரிமை கேலண்டர்ல அச்சடிச்ச சாமி மாதிரி, கும்பிடலாம், படி இறங்கி வராது.

28 டிசம்பர்

மேல கடைசியா சொன்னதுதான் புது அறிக்கையிலயும் என்னை உறுத்துது. ராயல்டி வாங்குற அந்த ஒரே அமைப்புல தனி ஆளுங்க உறுப்பினரா சேர முடியாது, அமைப்புங்கதான் சேரலாம், ஒவ்வொரு வகை படைப்புக்கும் ஒண்ணு. பாட்டு எழுதுறவங்களுக்கும் இசையமைக்கிறவங்களுக்கும் ராயல்டி வசூல் பண்ணிக் குடுக்க ஐபிஆர்எஸ்னு ஒரு சங்கம் இருக்கு. பாடுறவங்களுக்கு இருக்கு. ஓவியருங்களுக்கு எது? போர்டு எழுதுறவர், கல்யாண மண்டபத்துக்கு பேக்ட்ராப் போடுறவர், பாடப்புத்தகத்துக்கு வரையுறவர், இவங்களையெல்லாம் சேத்து பேச ஒரு சங்கம் பதிவாகி நிக்கல.

2012ல சட்டத்தைத் திருத்தினப்பவும் இதேதான் ஆச்சு. பாட்டு எழுதினவர், மெட்டு போட்டவர், இவங்க சினிமாவுக்குக் குடுத்தாலும் ராயல்டியில பங்கை விட்டுக் குடுக்கவே முடியாது, எழுதிக் குடுத்தாலும் செல்லாதுன்னு 18ஆவது பிரிவுல பாதுகாப்பு போட்டாங்க. ரொம்ப நல்ல திருத்தம், அதுக்காக அவங்க வருஷக்கணக்கா போராடினாங்க. அந்த வரியில படம் வரையுறவங்க இல்ல. நாம போயி கேக்கல. போட்டோகிராபருங்களுக்கு மட்டும் அப்ப ஒரு நன்மை, அதுவரைக்கும் வெளியிட்ட நாள்லேர்ந்து 60 வருஷம்னு இருந்தது, எடுத்தவர் ஆயுசுக்கும் அப்புறம் 60 வருஷத்துக்கும்னு மாறிச்சி. ஆனா கல்யாணத்துக்கு காசு வாங்கி எடுக்குற போட்டோ மறுபடி 17தான்.

29 டிசம்பர்

திருக்கனூர் தம்பி தனியா போன் பண்ணார். "அண்ணே, எங்க பேப்பர் மேஷுக்கு, காகிதக் கூழ் பொம்மைக்கு, புவிசார் குறியீடு இருக்கே, அப்ப எங்க டிசைனை யாரும் எடுக்க முடியாதுல்ல?" இதை எல்லாருக்கும் சொல்லணும், வில்லியனூர் சுடுமண் வேலை பண்றவங்களுக்கும் சேத்து. அந்தக் குறியீடு பேரைத்தான் காப்பாத்தும். திருக்கனூர்ல பண்ணாததை திருக்கனூர் பொம்மைன்னு விக்கக் கூடாது, அவ்வளவு. உன் யானையோட வடிவத்தை வேற பேர்ல வேற ஊர்ல அச்சு எடுத்தா அது ஒண்ணும் பண்ணாது.

இன்னொரு பள்ளம் இருக்கு, 15ஆவது பிரிவு. டிசைனா பதிவு பண்ணக்கூடிய ஒரு வடிவத்தை பதிவு பண்ணாம, தொழில் முறையில 50க்கு மேல நகல் எடுத்துட்டா அந்த டிசைன்ல காப்பிரைட்டே போயிடும். அச்சுல காகிதக் கூழை அடைச்சு எடுக்குற நமக்கு 50ங்கிறது ஒரு வாரச் சரக்கு. பதிவு பண்ணணும்னா 2000ஆம் வருஷத்து டிசைன் சட்டத்துல, பத்து வருஷம், அப்புறம் அஞ்சு வருஷம் நீட்டிக்கலாம். ஆனா சந்தைக்கு வந்துட்டதைப் பதிவு பண்ண முடியாது, வெளிய காட்டுறதுக்கு முன்னாடியே போடணும்.

எது தனிச் சிலை, எது டிசைன்னு பிரிக்கிறதுல கோர்ட்டுங்களே ரொம்ப நாள் தடுமாறினாங்க, 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் ஒரு அளவுகோல் சொல்லியிருக்கு: தனியா பாத்தா அது கலைப்படைப்பா, இல்ல தொழில் முறையில பொருளா செய்யுறதுக்குன்னு எடுத்த டிசைனா, பயன்பாடு முக்கியமா அழகு முக்கியமா. தம்பி, உன்னோட பெரிய முகமூடிங்க, ஒண்ணே ஒண்ணு கையால பண்றது, அது கலைப்படைப்புன்னு நிக்கும். பேனா ஸ்டாண்டு நிக்காது. புது வருஷத்துக்கு நீ போடப்போற அந்த வாத்து மாடலை இன்னும் யாருக்கும் காட்டலன்னா, காட்டாத.

2 ஜனவரி 2026

அப்பாவைப் பத்தி ஒருத்தர் கேட்டிருந்தார். எங்க அப்பா மஞ்சக்குப்பத்துல போர்டு எழுதினார், 30 வருஷம். நூலை நீலப்பொடியில நனைச்சு சுவர்ல ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சு நடுவுல சுண்டுவார், பட்டுனு ஒரு கோடு விழும், ஒரு மயிரிழை கோணல் இருக்காது. அந்த முனையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுதான் எனக்கு முதல் வேலை. 'ழ' எழுதும்போது மட்டும் மூச்சை அடக்கிக்குவார். ஃப்ளெக்ஸ் வந்து அந்த வேலை போச்சு. இப்ப சிலர் பழைய போர்டு எழுத்துங்களை போட்டோ எடுத்து கம்ப்யூட்டர் எழுத்தா மாத்தி விக்கிறாங்க, அதுல அப்பாவோட 'ழ' மாதிரி ஒண்ணைப் பாத்தேன். அவரோடதுதான்னு சத்தியம் பண்ண முடியாது. அவர் எதுலயும் பேரு போடல.

பேரு இல்லாத படைப்புக்கு 31ஏன்னு ஒரு வழி இருக்கு. வரைஞ்சவர் யாருன்னு தெரியல, இறந்துட்டார், கண்டுபிடிக்க முடியலன்னா பேப்பர்ல விளம்பரம் குடுத்துட்டு, அனுமதி வாங்கி, ராயல்டியைக் கட்டி வெச்சுட்டு வெளியிடலாம். 2012க்கு முன்னாடி வெளிவராத படைப்புக்கு மட்டும் இருந்தது, இப்ப வெளிவந்ததுக்கும் உண்டு. அமெரிக்காவுல 2008ல இதே மாதிரி ஒரு மசோதா வந்தப்ப அங்க படம் வரையுறவங்க பெரிய சண்டை போட்டாங்க, செனட்ல பாஸ் ஆச்சு, மறு சபையில நின்னு போச்சு. பேரு இல்லாத படம்னா அனாதைன்னு எடுத்துப்பாங்கங்கிற பயம். அந்தப் பயம் எனக்குப் புரியுது. கையெழுத்தை வெட்டின பையைப் பாத்தவன் நான், வெட்டினா அஞ்சு நிமிஷத்துல எந்தப் படமும் அனாதைதான்.

உரிமையை மொத்தமா ஊருக்கே குடுக்குறதும் இந்த மண்ணுல நடந்திருக்கு. பாரதி பத்து வருஷம் பாண்டியில இருந்து எழுதினதெல்லாம் அப்புறம் தனியார் கையில போயி, 1949ல ஓமந்தூரார் முதல்வரா இருந்தப்ப சென்னை மாகாண அரசு எடுத்துச்சு, பின்னாடி பொதுவாக்கிச்சு. அதுல நான் நன்றியோட இருக்கேன். ஆனா அது அரசு உரிமையை வாங்கிட்டு, குடும்பத்துக்கும் பணம் குடுத்துட்டுத்தான் செஞ்சது. கேக்காம எடுத்துக்கல.

4 ஜனவரி

சின்னதா ஒண்ணு. போன மாசம் ஒரு கஸ்டமர் போன்ல ஏஐ போட்ட படத்தைக் காட்டி "இதையே சுவர்ல அடிங்க, டிசைன் சார்ஜ் கிடையாது, அடிக்கிற கூலி மட்டும்"னார். சதுர அடிக் கணக்கு பேசினார். அந்தப் படத்துல கட்டுமரம் ஒண்ணு, கட்டையெல்லாம் சேத்துக் கட்டின கயிறே இல்ல, காத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது. நான் கயித்தைப் போட்டுத்தான் வரைவேன்னேன், சரின்னார். ஏஐ போட்ட படம் யாருக்குச் சொந்தம்ங்கிறதை அறிக்கையோட ரெண்டாவது பாகத்துல சொல்றதா இருக்காங்க. அதுக்கும் கருத்து கேப்பாங்க, அப்பவும் எழுதுவோம்.

6 ஜனவரி

நான் டெல்லிக்கு எழுதி அனுப்பினது இது, யார் வேணா எடுத்து உங்க பேர்ல மாத்தி அனுப்புங்க. ஒண்ணு, விலகிக்கிற உரிமை வேணும், குறைஞ்சபட்சம் "இன்னார் பாணியில வரை"ன்னு கேக்குறதுக்கு எதிரா. அடுத்தது, 17(பி)யை மாத்தணும், எழுத்துல ஒப்பந்தம் இருந்தாத்தான் காசு குடுத்தவருக்குப் போகணும், இல்லன்னா வரைஞ்சவர்கிட்டயே இருக்கணும். இப்ப அது தலைகீழா இருக்கு. அதை அப்படியே விட்டுட்டு மேல ராயல்டி கட்டடம் கட்டினா காசு காபி கடைக்கும் பதிப்பகத்துக்கும்தான் போகும். அப்புறம், உரிமை வித்துட்டாலும் ஏஐ ராயல்டியில ஒரு பங்கு வரைஞ்சவருக்குன்னு, பாட்டு எழுதுறவங்களுக்கு 2012ல செஞ்ச மாதிரியே. பதிவு தமிழ்லயும் பண்ண வழி வேணும், போன்லயே.

சட்டம் மாறுற வரைக்கும் நாமளே பண்ணிக்கக் கூடியது: அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்புல ரெண்டு வரி. "இந்த ஓவியத்தின் காப்பிரைட் வரைபவருக்கே. இந்தச் சுவரில் வைத்துக்கொள்ளவும் கடை விளம்பரத்துக்குப் படம் எடுக்கவும் உங்களுக்கு அனுமதி, விற்பனைப் பொருளில் போட தனியாகப் பேச வேண்டும்." அவங்க 'சரி'ன்னு பதில் போட்டதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. 17க்கு 'வேற மாதிரி ஒப்பந்தம்'னு இருந்தா போதும், பத்திரம்தான் வேணும்னு சட்டத்துல இல்லன்னு வக்கீல் சொன்னார். பின்னாடி உரிமையை எழுதிக் குடுக்குறதுக்குத்தான் கையெழுத்து போட்ட தாள் கட்டாயம்.

முத்தியால்பேட்டையில ஒரு டிபன் கடைக்கார அம்மாகிட்ட முதல் வாட்டி இதைக் கேட்டேன். கை நடுங்குச்சி, வேலை போயிடுமோன்னு. அவங்க படிச்சுப் பாத்துட்டு, "பையில எல்லாம் போட மாட்டேன் தம்பி, ஆனா பார்சல் கவர்ல போடணும்னு ஆசை, அதுக்கு எவ்வளவு?"ன்னாங்க. ஆயிரம் கவருக்கு 500 ரூபான்னு பேசி முடிச்சோம்.

9 ஜனவரி

வவுச்சர் போட்டோ அனுப்பினவங்க இதுவரைக்கும் ஏழு பேரு. நாலுல எத்தனை வருஷத்துக்குன்னு எழுதல. அந்த நாலுல ரெண்டு கோட்டுப் படம், ரெண்டு பெயின்டிங். பெயின்டிங் அனுப்பின ரெண்டு பேரும் உடனே லெட்டர் போட்டுடாதீங்க, உங்களுக்கு 17 குறுக்க வரும், முதல்ல அவங்க கேட்டு வரைஞ்சீங்களா, நீங்க ஏற்கனவே வரைஞ்சு வெச்சிருந்ததை வாங்கினாங்களான்னு எனக்குச் சொல்லுங்க. முன்னாடியே வரைஞ்சதுன்னா அது உங்களோடதா இருந்து குடுத்தது, அஞ்சு வருஷக் கணக்கு பொருந்தும். தம்பி, வாத்து மாடல் பதிவு விஷயமா திங்கக்கிழமை பேசுறேன், அதுவரைக்கும் வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்.